பந்தலுக்குக் கீழே, கல்லுக்கு மேலே

என் பிக்கப்பை யாராவது பழைய வண்டி என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பழைய வண்டிதான், நான் மறுக்கவில்லை. இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை ஏற்றும்போது ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கண்ணாடியைத் தூக்கிவிட வேண்டும். ஹாரன் அடித்தால் சில நாள் வைப்பரும் சேர்ந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அடங்கும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் இன்றைக்கு அது போகாத தோட்டம் கிடையாது. அதை அப்படி ஆக்கியது நான். மெக்கானிக் இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை, என் அண்ணன் நிச்சயமாக இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கம்பம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நான் வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வண்டி ஓட்ட வராது. சைக்கிளில் ஏறினாலே அவருக்கு ரோடு பத்தாது. முன்பு வைத்திருந்த வண்டி ஓய்ந்துபோனபோது, மேலே கேரளா எஸ்டேட் ஒன்றில் இந்தப் பிக்கப் விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு நானே போய் ஓட்டிப் பார்த்தேன். பிடித்துப் போயிற்று. கம்பம்மெட்டு வளைவுகளில் நானே இறக்கிக்கொண்டு வந்தேன். எதிரே ஏறி வந்த ஜீப்காரர்கள் ஸ்டீயரிங்கில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி வழி விட்டார்கள். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த வருஷம்தான் அப்பா காலமானார். அவருக்கு அண்ணனும் நானும் இரண்டே பிள்ளைகள். வாய்க்கால் பாசனத்து வயலை அண்ணன் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் கேட்டது மலையடிவாரத்தில் இருக்கும் திராட்சைத் தோட்டத்தை. ஒன்றேகால் ஏக்கர், அத்தனையும் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகப் படரவிட்டது. அந்தப் பந்தலின் கீழே நடந்தால் வெயிலிலும் குளிரும். நான் நடை பழகியதே அங்கேதான்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரே ஒரு குறை. தார் ரோட்டிலிருந்து போகும் மண்பாதையின் குறுக்கே ஓர் ஓடை இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது, கல் மட்டும் இருக்கும். ஆட்டுக்கல் அளவில், அம்மிக்கல் அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடக்கும். வாடகை வண்டிக்காரர்கள் ஓடைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். பழத்தை ஆட்கள் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து ஓடையைத் தாண்டி வர வேண்டும். மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் நடக்காது. பழுத்த பன்னீர் திராட்சை மழைக்குக் காத்திருக்காது, தோல் வெடித்துவிடும். அப்பா இருந்தவரை எப்படியோ சமாளித்தார். அண்ணனுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"ஏத்தா, வண்டி போகாத தோட்டத்த வச்சுக்கிட்டு நீ என்னத்தச் செய்வ?" என்றார் அண்ணன். "மேக்குத் தோட்டத்துக்காரரு கேட்டு விட்டுருக்காக. குடுத்துருவோம். பணமா பிரிச்சுக்கிருவோம்."

"வண்டி போகும்ணே."

"எப்பப் போகும்? நம்ம பேரப்புள்ளைக காலத்துலயா?"

"வர்ற வெட்டுக்கே போகும்."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும். "சரித்தா. வர்ற வெட்டுப் பழம் பூராம் உன் வண்டியில வெளிய வந்துச்சுன்னா தோட்டம் உனக்கு. நான் பேச மாட்டேன். வரலேன்னா நீ பேசக் கூடாது."

எங்கள் பக்கம் பழம் அறுப்பதை வெட்டு என்போம். கொடியை நறுக்கிவிடும் கவாத்து முடிந்து அடுத்த வெட்டு வருவதற்கு நாலு மாதம் போல ஆகும். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மறுநாளே பிக்கப்பை ஓடையில் இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது கல்லிலேயே அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது எனக்கு. பின்னால் எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு செம்பைக் கவிழ்த்த மாதிரி இரும்பு உருண்டை ஒன்று தொங்குமே, டிரைவர்கள் கிரவுன் என்பார்கள், அதில் புதிதாக ஒரு வடு விழுந்திருந்தது.

கம்பத்தில் கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரம் கூடி, யானைக்கால் மாதிரி டயர் போட்டு நிற்கும். அந்த வேலையெல்லாம் செய்கிற ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நல்ல கைக்காரர், என்னைவிட வயசில் சின்னவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"நாலு இன்ச் தூக்கிருவோம்க்கா. முப்பத்தொண்ணு டயரப் போட்டுருவோம். அடிபொளியா இருக்கும். நீங்க கம்பத்துக்குள்ள நொழஞ்சீகன்னா ஊரே திரும்பிப் பாக்கும்."

முப்பத்தொன்று என்பது டயரின் முழு உயரம், இன்ச் கணக்கில். என் வண்டியில் இருந்தது இருபத்தெட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஊரே திரும்பிப் பார்க்கும் என்றதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது உண்மை. ஆனால் நான் ஒன்றும் யோசிக்காமல் தலையாட்டவில்லை. ஓர் அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன அளவு என்றால், பந்தலின் அளவு. ஓடையின் அக்கரையில் ஏறியதும் பந்தல் தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஒரு கையகலம் நிலத்தைக்கூட வீணாக விட மனசு வராது. மாட்டு வண்டி போகும் பாதைக்கு மேலேயும் கம்பியை இழுத்துக் கொடியை ஏற்றிவிட்டார். அந்தப் பந்தலின் அடியிலேயே போய், கொட்டகைக்கு முன்னால் இருக்கும் களத்தில்தான் வண்டியைத் திருப்ப முடியும். இடையில் நிற்கவோ திருப்பவோ இடம் கிடையாது. பாரத்தோடு ரிவர்ஸில் ஓடையில் இறங்குவது நடக்காத காரியம். அதனால் வண்டி கல்லுக்கு மேலேயும் போக வேண்டும், பந்தலுக்குக் கீழேயும் போக வேண்டும்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். பாதைக்கு மேலே மட்டும் கம்பியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருந்தார் அப்பா. தரையிலிருந்து ஏழரை அடி. என் வண்டியின் கூரை ஆறடிக்கு ஒரு இன்ச் குறைவு. நாலு இன்ச் தூக்கி, டயரில் இன்னொரு ஒன்றரை இன்ச் ஏறினாலும் கம்பிக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் மிச்சம் இருக்கும். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "தூக்கிருங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பெருமை தாங்காமல், வண்டியைத் தூக்கப் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யாரு தூக்குறாக? எந்த பைனான்ஸு?" என்று பதறிவிட்டாராம். எங்கள் ஊரில் வண்டியைத் தூக்குவது என்றால் அதுதான் அர்த்தம். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

வண்டி வேலை முடிந்து வந்தது. நான் மறைக்கவில்லை, அதை ஓட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டி கடைத்தெருவில் தேவையில்லாமல் இரண்டு முறை போய் வந்தேன். டவுன் பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தார். தலையசைத்தார். நானும் அசைத்தேன். பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். கல் எதுவும் அடியில் தட்டவே இல்லை. அக்கரை ஏறி, மொட்டையாக இருந்த பந்தலின் கீழே நுழைந்து, களத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தேன். அண்ணன் குனிந்து கிரவுனைப் பார்த்தார். "பழத்தோட வரட்டும் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பாரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

திராட்சை வைத்திருக்கிறவர்கள் இதற்குள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நான் அளந்தது கவாத்து முடிந்த கையோடு. இலை இல்லை, தளிர் இல்லை, வெறும் குச்சி. கம்பி விறைப்பாக இருந்தது. நாலு மாதம் கழித்து அதே பந்தலில் இலையும் கொடியும் பழமும் ஏறினால் என்ன கனம் இருக்கும் என்பதை, அந்தப் பந்தலின் கீழேயே நடை பழகிய நான் யோசிக்கவில்லை. கம்பி நடுவில் அரை அடி தொய்ந்துவிடும். அதற்கும் கீழே குலை முக்கால் அடி தொங்கும்.

வெட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது காலிப் பெட்டிகளை இறக்கி வைக்கலாம் என்று வண்டியைக் கொண்டுபோனேன். அண்ணனும் வந்திருந்தார். ஓடையை ராஜா மாதிரி தாண்டியது வண்டி. அக்கரை ஏறி மூக்கு பந்தலுக்குள் நுழைந்ததும் முன் கண்ணாடிக்கு மேலே ஏதோ உரசியது. அடுத்த கணம் கூரையில் பொலபொலவென்று பழம் கொட்டியது. பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கியது. இறங்கிப் பார்த்தால் முதல் வரிசைக் குலைகளில் பாதிக்குக் காம்புதான் மிச்சம். மிச்சம் இருந்தவற்றிலும் பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைச் சாம்பல் அழிந்துவிட்டது. அது அழிந்தால் வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நாலு நாள் பழம் என்பார்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பாதைக்கு மேல இருக்குற குலையப் பூராம் வெட்டி எறிஞ்சிரு. வண்டி போயிரும்" என்றார் தணிவாக.

"இன்னும் பழுக்கலண்ணே."

"அப்ப மேக்குத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லி விடவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல் இல்லை, வண்டி மேல் இல்லை, அந்த டேப் மேல்தான். பழத்துக்காக வண்டியைத் தூக்கிவிட்டு, வண்டிக்காகப் பழத்தை வெட்டி எறிவதா? "சொல்லி விட வேண்டாம். வெட்டுக்கு இன்னும் நாளிருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னாலேயே எடுத்து ஓடையைத் தாண்டிக் கொண்டுவந்தேன். அந்த ரிவர்ஸை மட்டும் யாராவது படம் பிடித்திருந்தால் நான் இன்றைக்கும் போட்டுப் பார்ப்பேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் தெரிய வேண்டியது பந்தலின் அளவு. பழத்தோடு, தொய்வோடு, கடைசிக் குலையின் நுனிவரை மறுபடி அளந்தேன். ஆறடி மூன்று இன்ச். இப்போது வண்டியின் கூரை ஆறடி நாலரை. ஆக, ஒன்றரை இன்ச்தான் இடித்தது. அத்தனை பழத்தையும் உதிர்த்தது ஒன்றரை இன்ச்.

அடுத்தது கல். எனக்கு உண்மையில் எவ்வளவு உயரம் தேவை என்று நான் அளக்கவே இல்லை. நாலு இன்ச் என்று மெக்கானிக் சொன்னார், ஊரே பார்க்கும் என்றார், நான் மயங்கிவிட்டேன். இதை எப்படி அளப்பது? வண்டியின் அடியில் படுத்துக்கொண்டா ஓட்ட முடியும்? வீட்டில் பிள்ளையார் பிடிக்கிற களிமண் நினைவுக்கு வந்தது.

வாய்க்கால் கரையில் களிமண் எடுத்து, குழைத்து, ஒரு சட்டியில் கொண்டுபோய், ஓடையில் சக்கரங்களுக்கு நடுவே வரக்கூடிய ஒவ்வொரு கல்லின் தலையிலும் சாண் உயரத்துக்கு ஓர் உருண்டையைப் பிடித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்திருந்தார்.

"ஊர்ல சதுர்த்திக்கு ஒரு பிள்ளையார்தான் வப்பாக. நீ ஓடை பூராம் வச்சிருக்க" என்றார்.

"வாயப் பாத்துக்கிட்டு நிக்காம அந்தக் கல்லுக்கும் ஒண்ணு வைங்க" என்றேன்.

வண்டியை மெதுவாக ஏற்றிப் பந்தலின் விளிம்புவரை போய், அப்படியே பின்னால் எடுத்தேன். இறங்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். ஓரத்தில் இருந்த மண்ணெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. வண்டியின் உடம்பு எந்தக் கல்லின் பக்கத்திலும் வரவே இல்லை. நடுவில் இருந்த மண் மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகியிருந்தது. சீவியது கிரவுன். எல்லாவற்றிலும் உயரமான கல்லின் மேல் ஒரு இன்ச் மண் மிச்சம் இருந்தது.

அங்கேயே ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நேரம் புரியாதது அப்போது புரிந்தது. சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் வில்பட்டைகளை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும். கிரவுன் உயராது. அது அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. கிரவுனை உயர்த்துவது டயர் ஒன்றுதான். டயரின் உயரம் மூன்று இன்ச் கூடினால் கிரவுன் அதில் பாதி ஏறும். நான் தூக்கிய நாலு இன்ச்சில் ஒன்றுகூடக் கல்லுக்கு உதவவில்லை. பெரிய டயர் மட்கார்டில் இடிக்காமல் இருக்கத்தான் அது. அந்த டயரும் தேவைக்கு மேலே ஒரு இன்ச் உயர்த்தியிருக்கிறது என்று களிமண் சொல்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். "அப்ப பாரம் ஏத்துனா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பாரம் ஏற்றினால் பட்டைகள் அமுங்கி உடம்பு இறங்கும். கிரவுன் அநேகமாக அதே உயரத்தில் நிற்கும். அப்படியானால் பழத்தோடு வரும்போது பந்தலுக்கும் நல்லது, கல்லுக்கும் கெடுதல் இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கை முழுக்கக் களிமண்ணாக இருந்ததால் தட்டவில்லை.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். "ரெண்டு இன்ச் எறக்குங்க" என்றேன்.

"தூக்குன வண்டிய யாராச்சும் எறக்குவாகளாக்கா? ஊரு சிரிக்கும்."

"ஊரா என் பழத்த வாங்கப் போகுது?"

"எறக்குனா இந்த டயரு மட்கார்டுல இடிக்குமே. ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்க முடியாது."

"இந்த டயரும் வேண்டாம். ஒல்லியா, உசரமா ஒண்ணு வேணும். முப்பதுக்குக் கொஞ்சம் கொறைவா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மினி லாரிக்குப் போடுகிற பழைய மாடல் டயர் ஒன்று உண்டு, எழுநூறு பதினைந்து என்பார்கள். உயரம் இருக்கும், அகலம் இருக்காது. "அதப் போட்டா இந்த வண்டி சோத்துக்கு இல்லாதவுக மாதிரி நிக்கும்க்கா" என்றார். நிற்கட்டும் என்றேன். அகலம் பார்வைக்கு, உயரம்தான் எனக்கு வேலைக்கு. ஒல்லி டயர் திரும்பும்போது எங்கேயும் உரசாது, பந்தலின் அடியில் ஈரமண்ணில் பாத்தியையும் மிதிக்காது. அதோடு பெரிய டயர் போட்ட பிறகு பாரம் ஏற்றி மேடு ஏறும்போது வண்டி முக்கியதை நான் கவனித்திருந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்.சி.க்குக் கொண்டுபோனால் என்ன கேட்பார்களோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. நான் கணக்கைச் சொல்லச் சொல்ல அவர் தரையில் சாக்பீஸால் எழுதிக் கூட்டினார். கூரை ஆறடி இரண்டு இன்ச்சில் நிற்கும், குலைக்குக் கீழே ஒரு இன்ச் சந்து. கிரவுன் உயரமான கல்லுக்கு மேலே அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும்.

"அர இன்ச்சுல தாண்டுவீகளா?" என்றார்.

"வண்டி தாண்டிரும். நீங்க எறக்குங்க" என்றேன்.

தேனியில் ஒரு கடையில் டயர் கிடைத்தது. வேலை முடிந்து வந்த வண்டியைப் பார்த்து யாரும் திரும்பவில்லை. டவுன் பஸ் டிரைவர் மறுபடி மேலே போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் உட்கார்ந்தபோதுதான் இது என் வண்டி என்று தோன்றியது. ஒவ்வொரு இன்ச்சும் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

வெட்டு நாளைக் குறித்து வியாபாரிக்கும் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மலையில் மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஓடையில் முழங்கால் அளவு செம்மண் தண்ணீர் ஓடுகிறது. கல் ஒன்றும் தெரியவில்லை. வியாபாரியின் லாரி தார் ரோட்டில் வந்து நின்றுவிட்டது. அந்த வரிசைத் தோட்டங்களில் அன்றைக்கு வெட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். வானம் நாளைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தது. பழம் பழுத்துத் தோல் மெலிந்து நிற்கிறது. இன்னொரு நல்ல மழையை அது தாங்காது. வெட்டுகிற பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணன் குடையோடு வந்து நின்றார். "வேண்டாத்தா. தண்ணிக்குள்ள கல்லு எங்கனன்னு எப்படித் தெரியும்? வண்டி மாட்டுச்சுன்னா வண்டியும் போச்சு, பழமும் போச்சு." அந்தக் குரலில் கேலி இல்லை. அவருக்குப் பயம் எனக்காகத்தான் என்று தெரிந்தது, அதனால் எனக்கு இன்னும் பிடிவாதம் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். ஒவ்வொரு கல்லின் தலையிலும் கையால் மண் வைத்தவள் நான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, காலுக்குத் தெரிந்தது. மழைக்கு எதுவும் உருண்டு வந்திருக்கிறதா என்று தடவிக்கொண்டே அக்கரைவரை போனேன். புதிதாக இரண்டு சின்னக் கல். புரட்டி ஒதுக்கினேன். திரும்பி வந்து இக்கரையில் நின்று பார்த்தேன். மேற்குத் தோட்டத்து மோட்டார் ரூமின் மூலையையும் எங்கள் முதல் கல்தூணையும் ஒரே கோட்டில் வைத்தால் சக்கரம் சரியான இடத்தில் போகும்.

என் வீட்டுக்காரரைக் காலிப் பெட்டிகளுக்கு நடுவே பின்னால் உட்காரச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். "கனத்துக்கு" என்றேன். காலி வண்டி துள்ளினால் ஒரு இன்ச் சந்து பத்தாது. எலெக்ட்ரிக் கடையில் உட்கார்ந்தே வளர்த்த உடம்பு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும்.

நாலு சக்கரத்தையும் போட்டு, சின்ன கியரில் விட்டேன். தண்ணீர் கதவின் அடிவரை வந்து தட்டியது. வண்டி ஒவ்வொரு கல்லிலும் தோளைச் சாய்த்துச் சாய்த்து ஏறியது. அந்த உயரமான கல் வரும் இடத்தில் 'ணங்' சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. முன்சக்கரம் கரையைப் பிடித்தது. நுழையும்போது கூரையில் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பந்தலுக்குள் ஊர்ந்தேன். முன் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு விரல் அளவு மேலே குலை குலையாகக் கறுப்பு நகர்ந்துகொண்டே போனது. ஒரு பழம் விழவில்லை. களத்துக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கூவினார்கள். ஓர் அம்மாள், "ஆத்தாடி, வந்துட்டாகய்யா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

பாரத்தோடு திரும்பியது இன்னும் சுலபம். உடம்பு இறங்கி, குலைகள் கூரைக்கு நன்றாகவே மேலே போயின. ஓடையில் கனமான வண்டி அலுங்காமல் கல்லைப் பிடித்தது. ஒரு நடை போய், மறு நடை போய், மத்தியானச் சோறு சாப்பிடாமல் ஓட்டினேன். இரண்டாவது நடையிலிருந்து அண்ணன் குடையை மடக்கி வைத்துவிட்டு லாரியின் பக்கத்தில் நின்று பெட்டி இறக்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் கடைசிப் பெட்டியும் ஓடையைத் தாண்டி வந்த பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

அப்பா போன பிறகும் அண்ணன் வாயில் அது அப்பா தோட்டம்தான். கோபம் இல்லாத நாளில் நம்ம தோட்டம் என்பார். வியாபாரி தார்ப்பாயின் அடியில் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு குலையைத் தூக்கிப் பிடித்து, சாம்பல் அழியாத பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மழையில இப்படி ஒரு பழமா? யாரு தோட்டம்ங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் முகத்து மழைத்தண்ணீரைத் துண்டால் துடைத்தார். பிறகு, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"எந் தங்கச்சி தோட்டம்ங்க."